தெளிகனவை முயலும் முன்: பயப்பட வேண்டியவையும் வேண்டாதவையும்

உறங்கிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று அறிந்துகொள்வதையும், சில வேளைகளில் அந்தக் கனவின் போக்கை நாமே மாற்றுவதையும் தெளிகனவு என்கிறார்கள். ‘லூசிட் ட்ரீமிங்’ என்ற பெயரில் இதைப் பற்றிய காணொளிகள் கைத்தொலைபேசிக்குள் வந்து சேர்ந்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவர்கள் முதல் கொழும்புக் கடைகளிலிருந்து தீபாவளிக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள் வரை பலருக்கு இதை முயன்று பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. ஆசையோடு பயமும் வந்திருக்கிறது. கனவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, போன உயிர் உடம்புக்குத் திரும்புமா, பேய் வந்து அமுக்குமா, புத்தி பேதலித்துவிடுமா என்பவையே பெரும்பாலும் எழும் கேள்விகள். இவற்றுள் சிலவற்றை ஒரு பத்தியில் தீர்த்துவிடலாம். சிலவற்றுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். எவரும் கேட்காத, ஆனால் நம் இலங்கை மலைநாட்டுத் தோட்ட வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடப் பெரிதான ஆபத்து ஒன்றும் இருக்கிறது: கனவைப் பிடிப்பதற்காக நாம் கெடுத்துக்கொள்ளும் உறக்கம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கும்.

முதலில் ஒரு தெளிவு. இது மாந்திரீகமும் அன்று, நேற்று வந்த புதுமோகமும் அன்று. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், உறங்கிக்கொண்டிருந்த அலன் வோர்ஸ்லி என்பவர் முன்கூட்டியே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்து அடையாளம் காட்டியதைக் கருவியில் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபேர்ஜ் அதே முடிவைத் தனியாக எட்டினார். பல்வேறு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, ஏறத்தாழ 55 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் தெளிகனவு கண்டிருக்கிறார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல், பெயர்கூடத் தெரியாமல் கண்டவர்களே அவர்களில் பலர். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளை, அதாவது உணர்வு நிலைகளை, பேசும் சைவ சித்தாந்தத்தை அறிந்தவர்கள் இதை அவற்றோடு முடிச்சுப்போட விரும்பலாம். அந்த ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. தெய்வ நிந்தனை எதுவும் இதில் இல்லை என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்.

கனவில் மாட்டிக்கொள்ளுதல், கனவில் சாதல்

கனவுகள் அதிகம் தோன்றுவது, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு தடவை வரும் இந்தக் கட்டம், இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களும் விடியற்காலையில் அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நீடிக்கும். அது முடிந்ததும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கனவும் முடிந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களின் உண்மையான சிக்கல் இதற்கு நேர்மாறானது. ‘இது கனவு’ என்று தெரிந்த மகிழ்ச்சியிலேயே பலர் சில நொடிகளில் விழித்துக்கொள்கிறார்கள். அப்படியும் கனவை விட்டு வெளியேற வேண்டுமென்று தோன்றினால், கனவுக்குள் கண்களை இறுக மூடித் திறக்கலாம், உரக்கக் கத்தலாம், மூச்சை வேகமாக இழுத்து விடலாம். விழித்துவிட்டதாகக் கனவு கண்டு, பிறகு உண்மையாகவே விழிப்பதும் உண்டு. முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, வேலைக்குக் கிளம்பிய பின்னர் மறுபடியும் போர்வைக்குள் கண் திறப்பது எரிச்சலூட்டும். தீங்கு எதுவும் செய்யாது.

கனவில் விழுந்து செத்தால் உண்மையிலும் செத்துப்போவோம் என்பது வெறும் பேச்சு. கனவில் விழுந்தவர்களும் செத்தவர்களும் எழுந்து வந்து கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கனவுக் கட்டத்தில் இதயத் துடிப்பும் மூச்சும் சற்று ஏறி இறங்குவது எல்லோருக்கும் ஒவ்வோர் இரவும் நடப்பது. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும், உறக்கத்தை இடையில் முறிக்கும் எந்தப் பயிற்சிக்கும் முன்பு தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அமுக்குவான் பேய்

இந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. ஏனெனில் அனுபவித்தவர்களுக்கு அது முழுக்க உண்மையானது. விடியும் முன் கண் திறக்கிறது. நாம் படுக்கும் அறையான காம்பராவின் சுவர், கயிற்றுக்கொடியில் தொங்கும் கம்பளிச் சட்டை, தகரத்தில் விழும் மழைச் சத்தம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கை அசைவதில்லை, குரல் எழுவதில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போன்ற பாரம். வாசலில் யாரோ நிற்பது போன்ற உணர்வு. சிலருக்கு அந்த ஆள் கண்ணுக்கே தெரிகிறான். பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியை எழுப்ப முயன்று முடியாமல் தவித்த பிறகு, திடீரென்று விரல் அசைந்து எல்லாம் விலகிவிடுகிறது.

கனவுக் கட்டத்தில் நாம் கனவில் ஓடுவதற்கெல்லாம் உடம்பும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளையின் அடித்தண்டு கைகால் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறது. கண்களை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கு முதன்மையான உதரவிதானமும் மட்டும் தொடர்ந்து வேலை செய்கின்றன. சில வேளைகளில் மனம் விழித்த பின்னரும் இந்தத் தளர்ச்சி விலகச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ பிந்துகிறது. அந்த இடைவெளியில் கனவின் மிச்சமும் அறையின் காட்சியும் கலந்துவிடுவதால் ஆள் தெரிகிறது. மூச்சை ஆழமாக இழுக்க முயன்று முடியாதபோது மார்பில் பாரம் தோன்றுகிறது, மூச்சோ நிற்பதில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பொதுமக்களில் ஏறத்தாழ 8 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதை அனுபவித்திருப்பதாகச் சொல்கிறார்கள். மாணவர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம்.

தூக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும், மனப்பாரம் உள்ளவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. “நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு மல்லாந்து படுக்காதடா தம்பி, அமுக்கிரும்” என்று அப்பாயி சொன்னதில் காரணம் வேறாக இருந்தாலும் வைத்தியம் சரியானதே. ஒருக்களித்துப் படுங்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து பார்த்து இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மறுநாள் தெளிகனவை முயலாதீர்கள். இழந்த கனவுக் கட்டத்தை மூளை அவசரமாக ஈடுசெய்யும் அந்த நாளில் அமுக்கம் வருவதற்கான வாய்ப்பு அதிகம். விழித்த நிலையிலிருந்து நேராகக் கனவுக்குள் நுழையும் ஒரு முறையைச் சில காணொளிகள் முதல் பாடமாகவே கற்பிக்கின்றன. உடம்பு தளர்வதை விழிப்போடு கவனித்துக்கொண்டிருக்கச் சொல்லும் அந்த முறை, அமுக்கத்தின் வாசல் வழியாகவே உங்களை நடத்திச் செல்கிறது. புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வந்தே விட்டால், உடம்பு முழுவதையும் உதறி எழ முயலாதீர்கள். முயன்று முடியாமற் போவதே பீதியைக் கூட்டுகிறது. கண்களை மூடிக்கொண்டு, மூச்சு தானாக நடக்கிறது என்பதைக் கவனித்தபடி, ஒரு விரலையோ நாக்கையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உதவும். நீங்கள் முனகுவது கேட்டால் தோளைத் தொட்டு எழுப்பினால் போதும். அதற்குப் பிறகு அம்மா விபூதி பூசினால் பூசட்டும், முனியாண்டி கோயிலில் கற்பூரம் கொளுத்தினால் கொளுத்தட்டும். மனம் ஆறுவதற்கு அது துணைசெய்யுமானால் அதை எதிர்த்து வாதாட வேண்டிய தேவை இல்லை. ஆனால் வாரத்துக்குப் பல தடவை அமுக்கம் வந்து, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்து, சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் திடீரென்று துவளுமானால், அது நார்கொலெப்சி என்னும் உறக்க நோயாக இருக்கக்கூடும். கோடாங்கியோடு நிறுத்திக்கொள்ளாமல் வைத்தியசாலைக்கும் போக வேண்டும்.

நனவும் கனவும் குழம்புமா?

ஆரோக்கியமான மனமுள்ளவருக்கு எப்போதாவது வரும் தெளிகனவால் புத்தி பேதலிப்பதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கும் ஆர்வலர்களோடு நான் உடன்படவில்லை. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் நிரித் சோஃபர் டூடெக்கும் அவருடன் பணியாற்றியவரும் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தெளிகனவு காண்பதற்கும் மனநோய் அறிகுறிகளுக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை. ஆனால் அதை வலிந்து வரவழைக்கும் பயிற்சிகளை மேற்கொண்டவர்களிடம், தன்னைவிட்டுத் தான் விலகி நிற்பது போன்ற உணர்வு இரண்டு மாத இடைவெளியில் கூடியிருந்தது. வலிந்து வரவழைப்பதென்றால் இரவு உறக்கத்தை உடைப்பதும், பகல் முழுவதும் ‘இது கனவா, நனவா’ என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பதும் ஆகும். ஆகவே அளவு முக்கியம். அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவைக்கு மேல் கேட்காதீர்கள். உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவோ, உங்கள் கை உங்களுடையதல்லாதது போலவோ பகலில் தோன்றத் தொடங்கினால், அன்றோடு பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

சோதிக்கும் முறையிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். நனவில் செய்தாலும் தீங்கு நேராத சோதனையை மட்டுமே செய்ய வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்க்கலாம். கனவில் பெரும்பாலும் மூச்சு தாராளமாகப் போகும். ஒரு பெயர்ப்பலகையை வாசித்து, முகத்தைத் திருப்பி, மறுபடியும் வாசிக்கலாம். கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறியிருக்கும். உள்ளங்கையில் விரலை அழுத்தலாம். குதித்துப் பார்ப்பது, பறக்க முடிகிறதா என்று பார்ப்பது, சூட்டைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவை கூடவே கூடாது. நாம் வாழ்வது சமதரையில் அன்று. நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பத்தடி சரிவு, தலவாக்கலைப் பாதையோரம் டெவன், சென் கிளையர் அருவிகள். சோதனை ‘கனவு’ என்று சொன்ன பிறகும், பறப்பதானால் நின்ற தரையிலிருந்து எழும்புங்கள், உயரத்திலிருந்து குதிக்காதீர்கள். இந்தப் பழக்கம் ஒன்றே போதிய காப்பு.

உண்மையான ஆபத்து: விடியற்காலை அலாரம்

பரவலாகச் சொல்லப்படும் முறை இதுதான்: ஐந்து மணி நேரம் தூங்கியபின் அலாரம் வைத்து எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, கனவைப் பற்றிய எண்ணத்தோடு மறுபடியும் தூங்குவது. விடியற்காலைக் கனவுக் கட்டங்கள் நீளமானவை என்பதால் இது மற்ற முறைகளைவிடக் கூடுதலாகப் பலிக்கிறது. ஆனால் காணொளியில் இதைச் சொல்பவருக்குத் தனி அறையும், அறையோடு சேர்ந்த கழிப்பறையும், காலை ஒன்பது மணி வேலையும் இருக்கலாம். நமக்கு அப்படியில்லை.

ஒரே காம்பராவில் நான்கைந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால், கனவு காணப்போவது ஒருவர், தூக்கம் கெடுவது ஐந்து பேருக்கு. அவர்களில் ஒருவர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், ஈரமான மலையில் அட்டைக்கடியோடு கொழுந்து எடுக்க வேண்டியவர்; இன்னொருவர் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவராக இருக்கலாம். அடுத்தது வெளியே போகும் சிக்கல். எழுந்தவுடன் கழிப்பறைக்குப் போய் வரும்படி அந்த முறை சொல்கிறது. பல லயங்களில் அது வெளியே, சில இடங்களில் கானுக்கு (வடிகாலுக்கு) அப்பால் இருக்கிறது. அரைத் தூக்கத்தில், பனி பெய்யும் இருட்டில், வழுக்கும் படியில், சிறுத்தை நடமாடும் தேயிலைக்கு ஓரமாக நடப்பது எந்தக் கனவுக்காகவும் செய்யத் தகுந்த காரியமன்று. படுக்கைக்குப் போகும் முன்பே தேவைகளை முடித்துக்கொண்டு, மாலைக்குப் பிறகு பிளேன்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் டோர்ச்சும் ஆள் துணையும் கொண்டு போங்கள்.

இதற்கெல்லாம் எளிய மாற்று ஒன்று உண்டு; அலாரமே வைக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோர் விடியற்காலையில் குளிராலோ மழைச் சத்தத்தாலோ ஒரு தடவை தாமாகவே விழிக்கிறோம். அந்த விழிப்பைப் பயன்படுத்திக்கொண்டால் போதும். அலாரம் வைத்தே தீருவேன் என்பவர் கைத்தொலைபேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கட்டும். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். மறுநாள் ஞாயிறாகவோ போயா விடுமுறையாகவோ இருந்து, இழந்த நேரத்தைக் காலையில் தூங்கி ஈடுகட்ட முடிகிற இரவாகவும் இருக்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்ற கணக்கு, தெளிகனவு முயல்பவருக்கும் மாறுவதில்லை.

நானுஓயா மூடுபனியிலும் கடுகண்ணாவ வளைவுகளிலும் முச்சக்கர வண்டியோ பஸ்ஸோ ஓட்டுபவர்கள், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர்கள், பரீட்சைக்கு இரவு விழித்துப் படிப்பவர்கள் ஆகியோர் உறக்கத்தை உடைக்கும் முறைகளை அறவே தவிர்க்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடியும்வரை காத்திருப்பதால் கனவு எங்கும் ஓடிவிடாது.

எப்படித் தொடங்குவது

முதல் இரண்டு வாரமும் ஒரு கொப்பியும் பேனையும் மட்டும் போதும். விழித்தவுடன் அசையாமல் கிடந்து, கடைசியாகக் கண்டதைப் பின்னோக்கி நினைத்துப் பார்த்து எழுதுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் எழுதுங்கள். சில நாட்களில் உங்கள் கனவுகளில் திரும்பத் திரும்ப வருபவை புலப்படும்: தவறவிட்ட பதுளை ரயில், இடித்துக் கட்டப்பட்ட பழைய பாடசாலை, இறந்துபோன தாத்தா. இவையே உங்களுக்குரிய அடையாளங்கள். அதன் பிறகு, லபேர்ஜ் வகுத்த முறைப்படி, படுக்கும்போது ‘அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவில் கொள்வேன்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அண்மையில் கண்ட ஒரு கனவை மீண்டும் ஓட்டி, அந்த அடையாளம் வரும் இடத்தில் ‘இது கனவு’ என்று கண்டுகொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். விடியற்காலை தானாக விழிக்கும்போதும் இதையே செய்யலாம். விழிப்பு நேரத்தில் கைத்தொலைபேசியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பலிப்பதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். பலிக்காமலும் போகலாம்.

பலித்த முதல் கனவில் பெரிதாக எதையும் செய்யப் பார்க்காதீர்கள். கைகள் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, சுற்றிலும் நிதானமாகப் பாருங்கள். கனவு சற்று நீடிக்கும். பயமுறுத்தும் உருவம் வந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல், நின்று ‘நீங்கள் யார், என்ன வேண்டும்’ என்று கேட்பது பலருக்குப் பலனளித்திருக்கிறது. முடியாவிட்டால் முன்பு சொன்ன வழியில் விழித்துக்கொள்ளுங்கள்.

கெட்ட கனவுகளிலிருந்து விடுபடவே இதைத் தேடி வருபவர்களும் உண்டு. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, கெட்ட கனவுகளுக்குப் பயன்படுத்தக்கூடிய சிகிச்சைகளுள் தெளிகனவுச் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதில் முதலாவதாகப் பரிந்துரைக்கப்படுவது அதைவிட எளிய முறை: கெட்ட கனவைப் பகலில் எழுதி, அதன் முடிவை விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது. அலாரமும் தூக்கக்கேடும் இல்லாத இந்த முறையையே நானும் முதலில் சொல்வேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நேர்ந்தது போன்ற மண்சரிவில் உறவுகளை இழந்தவர்கள், மழை கேட்டாலே திடுக்கிட்டு எழுபவர்கள், அடி உதை பட்டு வளர்ந்தவர்கள் இந்த இரண்டையுமே தனியாக முயலாமல் உளவளத்துணையாளர் ஒருவரின் துணையோடு செய்ய வேண்டும்.

மாத்திரைகள், விலகி இருக்க வேண்டியவர்கள்

இணையத்தில் தெளிகனவு மாத்திரை என்று விற்கப்படுபவற்றுள் முக்கியமானது கலன்டமின். இது அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்து. 121 பேரைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில் வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 14 சதவீதத்தினரும், 8 மில்லிகிராம் கலன்டமின் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினரும் தெளிகனவு கண்டார்கள். வேலை செய்கிறது என்பதே இதிலுள்ள வில்லங்கம். வாந்தியையும் இதயத் துடிப்புக் குறைவையும் உண்டாக்கக்கூடிய ஒரு மருந்தை, ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பது தெரியாத ஒருவர் தோட்டத்து லயத்தில் இரவு மூன்று மணிக்கு விழுங்குவதைப் பொறுப்புள்ள எவரும் ஏற்கமாட்டார். கனவு நினைவில் நிற்பதற்காக விட்டமின் பி6 மாத்திரையை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படலாம். சாராயமும் கசிப்பும் முன்னிரவில் கனவுக் கட்டத்தை அடக்கி, பின்னிரவில் உறக்கத்தைக் குலைத்துக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். குடித்த இரவில் முயல வேண்டாம்.

காதில் குரல் கேட்கும் நோய்க்கோ, மனம் உச்சத்துக்கு ஏறி இறங்கும் இருதுருவ நோய்க்கோ மருந்து எடுப்பவர்களும், அந்த நோய்கள் முன்பு வந்து போனவர்களும் இதை முயலக் கூடாது. வலிப்பு உள்ளவர்களும் அவ்வாறே. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். உறக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், கனவில் சண்டையிட்டு உண்மையில் பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பவர்கள் ஆகியோர் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வயதானவர்களிடம் இந்த உதைக்கும் பழக்கம் புதிதாகத் தொடங்கினால் அதைக் குறும்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நரம்பு நோய்களின் முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம்.

பகலில் தூக்கம் தள்ளுகிறது, எரிச்சல் கூடுகிறது, கனவுக்காக நனவின் வேலைகளைத் தள்ளிப்போடுகிறீர்கள், அல்லது படுக்கையைக் கண்டாலே பயம் வருகிறது என்றால், கொப்பியையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு மூடி வையுங்கள். அதற்குப் பிறகும் உறக்கம் சீராகாவிட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். இரவில் மனம் தாங்காத நிலை வந்தால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வைத்தியரிடம் போகும்போது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், அமுக்கம் எந்த இரவுகளில் வந்தது, என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். ‘கனவுப் பயிற்சி செய்தேன்’ என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது தெரியாமல் அவரால் சரியான முடிவுக்கு வர முடியாது.